கீச்சுச் சுத்தியலுக்கு எதிரான தற்காப்பு

பேர்ஷேபா,
சுதந்திர தினம் கழிந்த ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய அண்ணன் அம்ராம் அவர்களுக்கு,

தம்பி மக்லூஃப் வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் ஃப்ரேஹாவும் இங்கே சுகம். அஷ்கெலோனில் தாங்களும் சொலிகா அண்ணியும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். தங்கள் வலது தோள் மட்டும் சுகமாக இல்லை என்பது தெரியும். அதைக் கழற்றியவனே நலம் விசாரிக்கிறானே என்று உங்களுக்கு எரிச்சல் வரும். என்ன செய்ய? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

நான் கிராவ் மகா தற்காப்பு வகுப்பில் சேர்ந்தது உங்களை அடிப்பதற்கு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்த்துவிட்டதே ஃப்ரேஹாதான். போன கோடையில் எங்கள் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துகிற இடத்துக்காக ஒருவன் இன்னொருவனை இரும்புக் குழாயோடு துரத்தினான். இவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு உங்களை ஒருத்தன் இப்படித் துரத்தினா என்ன பண்ணுவீங்க?" என்றாள். "காரை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றேன். "சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள மண்டை ரெண்டாயிடும். போய்ச் சேருங்க!" என்றாள். சேர்ந்தேன். ஓய்வூதியக்காரர் மன்றத்தில் மோரான் என்று ஒரு பெண், நம் பேத்தி வயதுதான் இருக்கும், தடி, குழாய், சம்மட்டி எது வந்தாலும் என்ன செய்வது என்று எங்களைப் போட்டுப் புரட்டி எடுத்தாள். "தாத்தா, பின்னால போகாதீங்க! தடிக்கு நுனியிலதான் வலு. உள்ளே புகுந்துடுங்க, அடிக்கிறவனைக் கட்டிப்புடிக்கற மாதிரி! கையை அக்குள்ள அமுக்குங்க, முறுக்குங்க, பிடுங்குங்க. அப்புறம் நின்னு பெருமை பேசாதீங்க, ஓடிடுங்க!" என்பாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியபோது ஒரு பயணியைக்கூட இடித்துக் கீழே தள்ளாத எனக்கு, இந்தப் பாடம் மட்டும் எப்படியோ ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஊறியதன் பலன்களைக் கேளுங்கள். உப்பு போதுமா என்று பார்க்கச் சொல்லி ஃப்ரேஹா கரண்டியை நீட்டினாள். கரண்டி என் கைக்கு வந்துவிட்டது, சூப்பு அவள் மேல். கூடாரப் பண்டிகையில் ஜெபாலயத்தில் எனக்கு முன் வரிசையில் நின்ற எங்கள் கட்டடத்து ஓவாதியா, பேரீச்சங்குருத்தை முன்னால் ஆட்டி, மேலே ஆட்டி, பின்னால் ஆட்டியபோது அது என் காதோரம் வந்தது. எல்லாத் திசைக்கும் ஆட்டித்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியாதா? ஆனாலும் உள்ளே புகுந்துவிட்டேன். "மக்லூஃப், இது குருத்துடா, உலக்கை இல்லடா!" என்று அவர் கத்துவதற்குள் நுனி முறிந்துவிட்டது. நுனி முறிந்த குருத்து ஜெபத்துக்கு ஆகாது என்று ராபி சொல்லிவிட்டார். ஓவாதியா இன்றுவரை என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை. அன்றே வகுப்பை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

இனி சுதந்திர தினம். யூகலிப்டஸ் தோப்பில் ஊரே கறி சுட்டுக்கொண்டிருந்தது. நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அட்டையால் கரியை விசிறிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் அன்றைக்குச் சின்னது பெரியது எல்லாம் கீச்சிடும் பிளாஸ்டிக் பொம்மைச் சுத்தியலோடு கண்டவர் மண்டையில் தட்டித் திரிகிறதை அறுபது வருஷமாகப் பார்த்தவன்தான் நான். ஆனால் என் மண்டையில் 'கீச்' என்றதும் அதெல்லாம் மறந்துபோய் மோரான்தான் ஞாபகத்துக்கு வந்தாள். புகுந்தேன், அமுக்கினேன், முறுக்கினேன், பிடுங்கினேன், "விலகு!" என்று கத்தினேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். கையில் சுத்தியல் கீச்சு கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. கார்கள் நின்ற இடம்வரை போனபிறகுதான் ஃப்ரேஹாவின் குரல் கேட்டது: "ஐயோ, நில்லுங்க! அது உங்க அண்ணன்!"

திரும்பி வருவதற்குள் உங்கள் மகன் யானிவ் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான். போகும்போது நீங்கள் ஃப்ரேஹாவிடம், "அவன் இன்னும் அந்த மேஜையிலிருந்து எழுந்திருக்கலை" என்றீர்களாமே. அதுதான் அண்ணா என்னைத் தூங்கவிடவில்லை. யானிவ் கல்யாணத்தில் சம்பந்தி அலூஷை முன் மேஜையில் உட்காரவைத்து, என்னைச் சமையலறைக் கதவோரம் போட்டீர்கள். சாப்பிட்டுவிட்டு, ஆடாமல், சொல்லாமல் கிளம்பினேன். ஆறு வருஷம் பேச்சில்லை. நீங்களே ஒரு நாள் வருவீர்கள் என்று இருந்தேன். வந்தீர்கள். மன்னிப்பு கின்னிப்பு என்று பேசாமல், சின்ன வயதில் செய்தது போலப் பின்னால் வந்து மண்டையில் தட்டினீர்கள். எந்தக் கை என்னை ஒருமுறை தொடாதா என்று இருந்தேனோ அந்தக் கையையே முறுக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. வகுப்பை விட்டுவிட்டேன். மேஜையையும் மனசார மன்னித்துவிட்டேன்.

நீங்கள் நூற்றிருபது வயது வாழ வேண்டும், இரண்டு தோளும் சேர்ந்தே வாழ வேண்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

தங்கள் தம்பி,
மக்லூஃப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சொலிகா அண்ணி போனில் வந்தார்கள். நீங்கள் என்னிடம் வரவே இல்லையாமே! நான் அந்தத் தோப்பில் இருந்ததே உங்களுக்குத் தெரியாதாமே! பின்னாலிருந்து பார்த்தால் என் மொட்டையும் அலூஷ் மொட்டையும் ஒன்றாம். அவர் என்று நினைத்துத் தட்டினீர்களாம். ஆக முன் மேஜையும் அலூஷுக்கு, சுத்தியலும் அலூஷுக்கு. மேலே மன்னித்ததாக எழுதியிருப்பதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தையே கிழிக்கப் போனேன். ஃப்ரேஹா பிடுங்கிக்கொண்டாள். "அவரும் ஆள் தெரியாம அடிச்சாரு, நீங்களும் ஆள் தெரியாம முறுக்கினீங்க. யாரோ ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க. இதுல அண்ணன் தம்பி எங்க வந்தீங்க?" என்கிறாள். தபாலில் போடுகிறேன். அடுத்த வருஷம் அலூஷைத் தொப்பி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் அதே இடத்தில், மொட்டைத் தலையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.