சிம்னியர் எழுதிய பப் புராணம்

ஒஸ்லோவில் காதுள்ள தமிழர் அத்தனை பேரையும் ஒரு தடவையாவது வதைத்தவர் சிம்னியர். இங்கிலாந்தின் ஏதோ ஒரு பட்டிக்காட்டில் இருக்கும் நானூறு வருடப் பழைய மதுக்கடையான ஒரு பப்பின் வரலாறுதான் அவருடைய ஆயுதம். நோர்வேக்கு வருமுன் அங்கே கோப்பை கழுவினாராம். எதிரிகளுக்குப் பயந்து ஓர் அரசன் அந்தப் பப்பின் கணப்புக்கு மேலுள்ள புகைபோக்கிச் சிம்னிக்குள் ஒளித்திருந்தானாம். எந்தப் பேச்சை எடுத்தாலும் சிம்னிக்குள் கொண்டுபோய் விடுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

இத்தனைக்கும் மனுசன் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். கையில் பிளேன்டீயை வைத்துக்கொண்டே பியர்ப் பீப்பாய்களின் வம்சாவளியை ஒப்புவிப்பார்.

செத்தவீடொன்றில் யாரோ, "பாவம், நல்ல மனுசன்" என்று பெருமூச்சு விட்டார்கள். "அந்த ராசாவும் நல்ல மனுசன்தான்" என்று சிம்னியர் தொடங்கிவிட்டார். பிரேதம் ஒன்றுதான் முகம் சுளிக்காமல் கேட்டது.

ஒருநாள் ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் அவரைக் கண்டதும் தமிழ்க் கடைக்குள் ஓடி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். தலைக்கு மேலே குரல் கேட்டது.

"என்ன தம்பி, அந்த ராசா மாதிரி ஒளிச்சிருக்கிறீர்?"

என் தலைவிதி, எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டுதோறும் போடும் மலருக்கு நான்தான் ஆசிரியர். மற்றவர்கள் ஊர்க் கோயில், பள்ளிக்கூடம், குளம் என்று எழுதுவார்கள். இவர் மட்டும் பப் வரலாற்றைத் தலபுராணப் பாணியில் பதினெட்டுப் பக்கம் எழுதித் தருவார். மூர்த்தி, தலம் எல்லாம் உண்டு. தீர்த்தம் என்ற தலைப்பின் கீழ் ஏழு வகை பியர்! முதல் வருடம் அரசன் ஒளித்தது ஓர் இரவு. அடுத்த வருடம் மூன்று இரவு. போன வருடம் அவனுக்கு மூக்கொழுகித் தடிமனும் பிடித்துவிட்டது. நானும் சளைக்காமல் திருப்பி அனுப்பினேன்.

இந்த வருடம் நேரிலேயே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, பப்பை வித்துப்போட்டினம். உள்ளுக்கை இடிச்சு வீடுகள் கட்டப்போயினமாம். இந்த முறை எண்டாலும் போடும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அண்ணை, இது ஊர் மலர். எல்லாரும் தங்கடை வீடு வளவைப் பற்றி எழுதுகினம். நீங்கள் வெள்ளைக்காரன்ரை குடிக்கடையைத் தூக்கிக்கொண்டு வாறியள்!"

"எனக்கு ஊரிலை எழுத என்ன இருக்கு? ஷெல் விழுந்து வீட்டோடை அம்மாவும் தங்கச்சியும் போயிட்டினம். அந்தப் பப் குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கேக்கைதான் எனக்குச் செய்தி வந்தது. முதலாளியம்மா சிம்னிக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு என்னை இருத்தினவ. நான் அழ அழ, அந்த ராசான்ரை கதையைத்தான் சொன்னவ. வேறை என்ன சொல்லுறதெண்டு அவவுக்கும் தெரியேல்லை."

நான் தாள்களை வாங்கிக்கொண்டேன். பதினெட்டுப் பக்கத்தையும் போட்டேன்.

மலரைப் புரட்டிய சங்கத் தலைவர் குதித்தார். "ஊர் மலரிலை பப்போ? அந்த விசரன் எழுதினதை எல்லாம் போடுறதே?"

"விசரன் எண்டு சொல்லாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரத்துக் கேட்டது.

சிம்னியரைத் திட்டும் உரிமையை நான் வேறு எவருக்கும் கொடுப்பதாயில்லை. எனக்கு அவ்வளவு பிடித்த மனுசன்.