காத்து அண்ணாத்தேயின் மூக்கு

எங்கள் அலுவலகத்தில் நூற்றிருபது பேர். அத்தனை பேர் ரகசியமும் ஒரே ஆளுக்குத் தெரியும். அவர் ஒட்டுக்கேட்டதில்லை, கடிதம் பிரித்ததில்லை. மூச்சை உள்ளே இழுப்பார், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று மாடிக் கட்டடம், முழுக்க ஏ.சி. மேல்மாடியில் ஓர் அறையில் லாரி அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. எல்லா அறைகளின் காற்றையும் உறிஞ்சி, வடிகட்டி, குளிரவைத்து, தகரக் குழாய் வழியே திருப்பி அனுப்பும். ஏ.எச்.யூ. என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருந்திருக்கலாம். எங்களுக்கு அவர் காத்து அண்ணாத்தே.

கட்டடத்தின் மொத்தக் காற்றும் அவர் மூக்கைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். அக்கவுண்ட்ஸில் இன்று கருவாடு, ஸ்டோர்ஸ்காரர் தலைக்கு எண்ணெயை மாற்றிவிட்டார், சிகரெட்டை விட்டதாக ஊரெல்லாம் சொல்லும் மேனேஜர் இன்னும் விடவில்லை என்று மேலே நின்றபடியே சொல்வார். மழைநாளில் டைப்பிஸ்ட் ஒருவர் நனைந்த சாக்ஸைப் பெட்டிக்குப் பக்கத்தில் காயப்போட, ஐந்தே நிமிடத்தில் மூன்று மாடியும் மூக்கைப் பொத்திக்கொண்டது. அண்ணாத்தே அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

நான் கம்ப்யூட்டர் அறையில் டேட்டா என்ட்ரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவ்வளவு மரியாதை அந்த அறைக்கு. மேனேஜர் எங்களுக்குப் பக்கத்திலிருந்த தன் அறையைப் புதுப்பித்த நாளிலிருந்து எங்களுக்குப் புழுக்கம், தலைவலி, மத்தியானமானால் கண் சொருகல். புகார் சொன்னோம். ஏ.சி. அறையில் எப்படிப் புழுங்கும் என்று மேனேஜர் திருப்பிக் கேட்டார். ஒருநாள் கீபோர்டிலேயே தூங்கிவிட்டேன். மெமோ வந்தது. நான் புரொபேஷனில் இருந்தேன். இன்னொரு மெமோ வந்தால் என் வீடு இருக்கும் திருநின்றவூருக்கு ரயிலேறிவிட வேண்டியதுதான், திரும்பி வர வேலை இருக்காது.

அன்று மாலை படிக்கட்டில் அண்ணாத்தே என்னை மறித்தார்.

"இன்னா நைனா, ஒரு மாசமா மாகாளி ஊறுகா துன்றதில்லியா?"

தூக்கிவாரிப்போட்டது. கம்ப்யூட்டர் அறையில் சாப்பிடக் கூடாது. நான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஊரையே தூக்கும் வாசனையுள்ள மாகாளிக்கிழங்கு ஊறுகாயோடு. ஒப்புக்கொண்டேன்.

"துன்றியா? அப்ப எனக்கு ஏன் வர்ல?" என்றவர் முகம் மாறியது. "உன் ரூமு காத்து எங்கியோ மாட்டிகினு கீது."

மேனேஜரிடம் போய்ச் சொன்னார். பெட்டி ஓடுகிறதா, ஓடுகிறது, அப்புறமென்ன என்று அவர் துரத்திவிட்டார்.

மறுவாரம் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அண்ணாத்தே தன் பெட்டிக்கு ஒரு இரும்புச் சட்டி நிறையக் கங்கு போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டினார். பெட்டி ஆசையாக உறிஞ்சி, மூன்று மாடிக்கும் பிரசாதமாக அனுப்பியது. நெருப்பு என்று நினைத்து எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். மேனேஜர் இருமிக்கொண்டே தலை எண்ணினார். ஆறு பேர் குறைந்தது.

அந்த ஆறு பேர் நாங்கள். மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஒன்றும் தெரியாமல் வெறுங்காலோடு டைப் அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாத்தே அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"பாரு சார், புகையே வராத ரூமுக்குக் காத்து எப்டி வரும்?"

எங்கள் அறையின் பொய்க்கூரையைப் பிரித்தார்கள். மேனேஜர் அறையைப் புதுப்பித்த தச்சர்கள் எங்களுக்குக் காற்று வரும் குழாய், போகும் குழாய் இரண்டின் வாயிலும் சேர்த்துப் பிளைவுட்டை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பெயர்த்ததும் தலையில் விழுந்த குளிர்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. என் மெமோவை ரத்து செய்தார்கள். புகை போட்டதற்காக அண்ணாத்தேக்கு ஒன்று கொடுத்தார்கள். அவர் அதை நாலாக மடித்து, பெட்டியின் ஆட்டம் நிற்க அடியில் சொருகிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒரு பாட்டில் மாகாளி ஊறுகாயோடு மேலே போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

"நீ கீழவே துன்னு நைனா. எனக்கு இங்க வந்துரும்."

அந்தக் கம்பெனியில் இருந்தவரை, ஊறுகாய் இல்லாமல் ஒருநாளும் நான் டப்பாவைத் திறந்ததில்லை.