மொட்டைமாடியில் மஞ்சள் கொடி

"இன்னாசி, மொட்டமாடியில மஞ்சளா இன்னாமோ காயுதே, அது இன்னாது?"

வீட்டுக்காரர் வால்டர் மாடிப்படியில் நின்றுகொண்டு இதைக் கேட்டபோது, கீழ்வீட்டில் குடியிருந்த இன்னாசியின் வாயில் பல்பொடி இருந்தது. துப்பிவிட்டு நிதானமாக யோசித்திருக்கலாம். அவன் விழுங்கிவிட்டுப் பொய் சொன்னான்.

"கோயில் கொடி சார். ராயப்பர் திருநாள் வருதில்ல."

வால்டர் அவனையும் பார்த்தார், மேலே கொடியையும் பார்த்தார். "ஓகோ" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். மனிதர் ஹார்பர் பென்ஷன்காரர். ஹார்பரில் என்ன வேலை பார்த்தார் என்று இன்னாசி கேட்டதே இல்லை. வீட்டுக்காரரிடம் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அது வாடகையில் வந்துதான் நிற்கும் என்பது அவன் கட்சி.

அது கோயில் கொடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கப்பலுக்குப் போகிற கொடி. மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆன அந்த வருஷம், இன்னாசி வேலை பார்த்த திருவொற்றியூர்த் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அவன் மனைவி டோரதியின் தையல் மிஷின்தான் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற பாரிமுனைக் கம்பெனி ஒன்று, மஞ்சள் கொடி தைத்துத் தர ஆர்டர் கொடுத்தது. ஆனால் பதிவு செய்த கம்பெனியாக இருக்க வேண்டும் என்றார்கள். இவ்வளவுதானா என்று இன்னாசி, குடியிருந்த ராயபுரம் வீட்டு விலாசத்திலேயே 'டோரதி கொடிக் கம்பெனி' என்று பதிந்துவிட்டு வந்தான். வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று லைசென்ஸ் ஆபீஸில் கேட்டதற்குத் தலையை ஆட்டினான். தலையை ஆட்டக் காசா, பணமா?

வால்டர் குடிவைக்கும்போது போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தன்னைக் கேட்காமல் அந்த வீட்டில் எந்தத் தொழிலும் நடக்கக் கூடாது. நடந்தால் அன்றைக்கே காலி. முன்பு குடியிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் மாவு மிஷின் போட்டுச் சுவரைப் பிளந்து, கோர்ட்டுப் படியேற வைத்துவிட்டுத்தான் போனானாம்.

"ஒரு வார்த்த கேட்டா இன்னாய்யா? கடிச்சா துன்னுடுவாரு?" என்று டோரதி அப்போதே கேட்டாள்.

"கேட்டு, முடியாதுன்னுட்டா? கேக்காத வரைக்கும் அந்தாளு முடியாதுன்னு சொல்ல முடியாதில்ல?"

அதிலும் ஏதோ நியாயம் இருப்பது போலத் தெரிந்ததால் அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

சாயம் போகிறதா என்று பார்க்கத்தான் அவள் அந்த ஒரு கொடியை நனைத்துக் காயப் போட்டிருந்தாள். சாயம் போகவில்லை. கொடிதான் போயிற்று. சாயங்காலம் இன்னாசி அதை எடுக்கப் போனபோது, வால்டர் மூங்கில் கழி ஒன்றில் அதைக் கட்டி மாடியில் நட்டு வைத்திருந்தார். கோயில் கொடியைச் சுருட்டி வைக்கலாமா, திருநாள் முடியும்வரை பறக்கட்டும் என்றார். வெயிலில் வெளுத்துவிடும் என்று இன்னாசி சொல்லிப் பார்த்தான். வால்டர் துணியை விரலால் நெருடிப் பார்த்து, இது கடல் காற்றுக்கே அசராத துணி என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

ஆர்டரில் ஒரு கொடி குறைந்தது. கம்பெனி கொடுத்த துணி அளவுக்கு மேல் ஒரு விரற்கடை கிடையாது. யாரும் இல்லாத நேரத்தில் கழற்றிவிடலாம் என்று இன்னாசி எத்தனை முறை மேலே போனாலும், வால்டர் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவனும் வேறு வழியில்லாமல் கடலைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

பொய் ஒன்றோடு நிற்குமா? இரண்டு நாள் கழித்து வால்டர் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியுமாகக் கீழே வந்தார். தனக்கும் ஒரு கொடி வேண்டுமாம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தே காட்டினார். நீளமாக, நுனி குறுகி, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை.

"இது எந்த அந்தோணியாருக்கு சார்?" என்றாள் டோரதி.

"எல்லாத்துக்கும் பொதும்மா" என்றார் வால்டர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

தைத்துக் கொடுத்தாள். அதுவும் மஞ்சள் கொடிக்குப் பக்கத்தில் ஏறிற்று. தெருவே அண்ணாந்து பார்த்தது. முதலில் மீன் விற்கும் சிலுவையம்மாள் வந்து தனக்கொன்று கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் துணியோடு வந்தார்கள். கோயில் கொடிக்குக் கூலி கேட்க முடியுமா? மிஷின் பகலெல்லாம் புண்ணியத்துக்கு ஓடிற்று. கப்பல் கொடி மூலையில் கிடந்தது. இந்த வாரம் வரவில்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று கம்பெனி சொல்லிவிட்டது. டோரதி அன்று அழுதேவிட்டாள்.

இந்த லட்சணத்தில், இடத்தை நேரில் பார்க்க லைசென்ஸ் ஆபீஸிலிருந்து மனோகரன் என்பவர் வந்து சேர்ந்தார். கொடிக் கம்பெனி எங்கே என்று தெருமுனையில் கேட்டிருக்கிறார். சிலுவையம்மாள் மீன் கத்தியாலேயே மாடியைக் காட்டிவிட்டாள்.

இன்னாசி அவரை வாசலிலேயே மடக்கினான். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமே என்றார் மனோகரன். அவர் படுத்த படுக்கை, பேச்சு மூச்சில்லை என்றான். அந்த நேரம் பார்த்து வால்டர் படியிறங்கி வந்தார்.

"யாரு இன்னாசி?"

"டோரதியோட பெரியப்பா மகன் சார். அரக்கோணம்."

"மச்சானா? டீத்தண்ணி குடுக்காம வாசல்லயே நிக்க வச்சிருக்கியே" என்று வால்டர், திகைத்து நின்றவரைக் கையோடு மாடிக்கு அழைத்துப் போனார். இன்னாசி பின்னாலேயே ஓடினான்.

மாடியில் வால்டரின் மனைவி இருதயம்மாள் டீ கொடுத்தாள். அரக்கோணத்தையே பார்த்திராத மனோகரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டுக்காரர் ரொம்ப முடியாம இருக்காராமே, பாக்கலாமா?" என்றார்.

"பாவம், பேச்சு மூச்சில்லாமதான் இருந்தாரு" என்றார் வால்டர். "இப்பதான் எழுந்து டீ குடிச்சுகினு கீறாரு."

இன்னாசிக்குக் காது சுட்டது. கீழே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. இன்று ராத்திரி அதைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது? இனிமேல் ஒரு பொய்க்கும் உடம்பில் தெம்பில்லை.

"தப்புதான் சார்" என்றான். "அது கோயில் கொடியில்ல, கப்பல் கொடி. உங்க வூட்டு அட்ரஸ்ல கம்பெனி போட்டுட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல."

வால்டர் டீயை ஆற்றினார். இருதயம்மாள்தான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"யாரு கேக்கல? இத்தினி நாளா மாடியில கேட்டுகினுதான கீற. ஹார்பர்ல கப்பல் கொடி பாத்துச் சேதி சொல்றதுதான் இவருக்கு வேல. மஞ்சக் கொடின்னா, 'எங்க கப்பல்ல எல்லாரும் சொகம், உள்ள வர உத்தரவு குடுங்க'ன்னு அர்த்தமாம். 'பையன் பொய் சொல்றான், கொடி கேக்குது'ன்னு அன்னிக்கே சிரிச்சாரு. 'பாத்துட்டேன், சரி'ன்னு பதில் சொல்லத்தான் செவப்பு வெள்ளக் கொடிய ஏத்துனாரு. அந்தப் பதிலயும் உம் பொண்டாட்டிதான நைனா தச்சுக் குடுத்தா."