படிக்கட்டுகளைத் திட்டும் பாபி

"நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. அந்தம்மா எப்டி கயிறு இழுக்கும்?" என்று எங்கள் தெருப் பொங்கல் விழா கமிட்டித் தலைவர் என்னிடம் கேட்டார். கேள்வி மாதிரி இருந்தாலும் அது தீர்ப்புதான்.

கேளம்பாக்கத்தில் படிக்கட்டு பாபியிடம் திட்டு வாங்காத படிக்கட்டே கிடையாது. இங்கே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு கடைக்காரர்கள் வாசலை ஒரு படி உயர்த்திக்கொள்வார்கள். இப்போது மருந்துக்கடைக்கு ஏறுகிற தெம்பு இருந்தால் மருந்தே தேவையில்லை. பாபிக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார். ஏற முடியாத படி எதிர்ப்பட்டால் ஒரு கட்டையால் அதைச் சாத்து சாத்தென்று சாத்தி, ஒடியா மொழியில் அதன் பரம்பரையையே இழுப்பார். கடைக்காரர் பதறி வெளியே வந்தால், "உன்னை இல்ல நைனா, இதைத்தான் திட்டிகினு கீறேன்" என்பார் சாந்தமாக. யார் மேல் கோபப்படுவது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

புருஷனின் கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர். பாபி என்பது தெரு வைத்த பெயர், ஹிந்தியில் அண்ணி. கை மெஷினில் எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் நைட்டி தைத்தபடியே தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய தமிழில் முக்கால்வாசி வம்பு. தெரு அவரிடம் நைட்டி வாங்கிக்கொள்ளும், வம்பும் வாங்கிக்கொள்ளும். விழா என்று வந்தால் மட்டும், "ஹிந்திக்காரம்மா, கால் வேற சரியில்ல" என்று ஓரமாக ஒரு நாற்காலி போட்டுவிடும். அவர் தாய்மொழி ஹிந்தி இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன பொங்கலுக்கு, பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்கு பாபி பெயர் கொடுத்தார். கமிட்டி கூடி, பெயரை அடித்துவிட்டு, பதிலாக மேடையில் சால்வை போர்த்த முடிவு செய்தது. அந்த மேடைக்கும் படிதான். பையன்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள்.

"எறக்குடா. நான் இன்னா சாமியா, ஊர்வலம் வர்றதுக்கு?"

"உங்களுக்கு மரியாதை பண்றோம் பாபி" என்றார் தலைவர் மைக்கில்.

"மரியாதை வோணாம். கயித்தக் குடு."

அப்போதுதான் தலைவர் என்னைச் சாட்சிக்கு இழுத்து, முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோது என்னையும் மேடையேற்றி, "இவங்கள்லகூட ஒரு பொண்ணு" என்று கைதட்டினார்கள். அடுத்த வாரம் பேச்சுப் போட்டிக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். அந்தக் கைதட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

"முடியுமா முடியாதான்னு கயிறு சொல்லட்டும் அண்ணா. நீங்க சொல்லாதீங்க" என்றேன்.

தலைவர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்ட, பையன்கள் நாற்காலியை இறக்கினார்கள். பாபி கட்டைகளை ஓரமாகப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டார். விசில் ஊதியும் கொஞ்ச நேரம் கயிறு அசையவே இல்லை. அப்புறம் எதிரணி ஒரே இழுப்பு. பாபியின் அணி மொத்தமும் குப்புற விழ, பாபி தரதரவென்று பொங்கல் கோலத்தின் மேலேயே வந்து சேர்ந்தார், முகமெல்லாம் கலர்ப்பொடியோடு. வந்த வேகத்தில், விசிலுக்கு முன்னாடியே இழுத்துவிட்டதாக எதிரணியோடு சண்டையை ஆரம்பித்தார்.

தலைவர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு ஓடிவந்தார். ஆறுதல் பரிசாம்.

"தோத்தவங்க எல்லாருக்கும் குடுக்குறியா?"

"இல்ல, உங்களுக்கு மட்டும்..."

"அப்போ நீயே வெச்சுக்க."

சொல்லிவிட்டு, தோற்ற மற்ற பெண்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தார் பாருங்கள், ஜெயித்தவர்கள்கூட அன்று அப்படிச் சிரிக்கவில்லை.

வருகிற பொங்கலுக்குக் கயிறு இழுக்க நேற்றே என் பெயரையும் கொடுத்துவிட்டேன். கயிற்றின் கடைசியில் பாபி, அவருக்கு முன்னால் நான். ஜெயித்தால் பின்னால் சாய்ந்து அவர் மடியில்தான் விழுவேன்.