உட்கார்ந்தபடியே மதுரைக்கு நடந்தவன்

உட்கார்ந்தே இருப்பவனிடம் போய், “நீங்க உட்கார்ந்தே இருக்கீங்களோ?” என்று கேட்டுப் பாருங்கள், கோபம் வரும். 1960களின் தொடக்கத்தில், டாக்டர் அப்படிக் கேட்டபோது, எனக்கும் வந்தது. வீடு ஸ்ரீரங்கம், குமாஸ்தா வேலை திருச்சியில். எட்டு முழ வேட்டி என் இடுப்பைச் சுற்றிவரத் திணறிக்கொண்டிருந்த காலம்.

“நாளெல்லாம் அலைச்சல் டாக்டர்” என்றேன். (பஸ்ஸில் உட்கார்ந்து போய், ஆபீஸில் உட்கார்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்து திரும்புவதற்கு நான் வைத்திருந்த பெயர்.)

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று சொல்லி, சீமையிலிருந்து வந்த ஒரு கருவியைக் கொடுத்தார். பார்க்கப் பாக்கெட் கடிகாரம்தான். இடுப்பில் மாட்டினால், நடக்கிற குலுக்கலுக்கு முள் நகர்ந்து, நடந்த மைல் கணக்கைக் காட்டுமாம்.

“தூங்கும்போது மட்டும் கழட்டுங்க. உட்கார்றீங்களா, அலையறீங்களான்னு பார்த்துடுவோம்.”

கருவியின் கணக்குப்படி, ஒரு வாரத்தில் நான் மதுரை வரை நடந்திருந்தேன்! நெஞ்சை நிமிர்த்தினேன். (வயிறுதான் முன்னால் வந்தது.) ஆனால் எடையும் கூடியிருந்தது. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

“இவ்வளவு நடந்தும் உடம்பு ஏறுதுன்னா, உள்ளே வேற ஏதோ வியாதி இருக்கணும். மெட்ராஸ்ல காட்டணுங்க.”

மனைவி கமலா தாயார் சந்நிதியில் அழுதுவிட்டு வந்தாள். நான் வழக்கம்போல் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி ஆடியபடி, என் இரண்டு பெண்களையும் கல்யாணக் கோலத்தில் பார்க்காமலே போய்விடுவேனோ என்று கலங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு வந்த டாக்டர், மெட்ராஸ் போவதைப் பற்றிப் பேச வீட்டுக்கும் வந்தார். பெரிய மனிதர் வந்தால் எங்கள் வீட்டில் ஊஞ்சலில்தான் உட்கார வைப்போம். உட்கார்ந்தவர், கருவி சரியாக இருக்கிறதா என்று வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். பேச்சுவாக்கில் காலை உந்தினார். டிக். நிறுத்தி, மறுபடி உந்தினார். டிக்.

கொஞ்ச நேரம் ஆடி, முள்ளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், நான் இப்போ எங்கே இருக்கேன்?”

“எங்க ஆத்துலதான் டாக்டர்.”

“இல்லீங்க. திருவானைக்காவல் கிட்ட வந்துட்டேன்.”

காபியோடு வந்த கமலா போட்டு உடைத்தாள்: “ஆபீஸ் விட்டு வந்தா இவர் ஊஞ்சலை விட்டு எறங்கறதே இல்லை டாக்டர். மடியில முறுக்கு டின்னும் ஆடிண்டே இருக்கும்.”

டாக்டர் சிரித்த சிரிப்பில் கருவி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“அப்போ இவருக்கு வியாதி ஒண்ணும் இல்லையே?” என்று கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருக்கும்மா. சங்கிலியில தொங்குது.”

அன்றே ஊஞ்சல் பரணுக்கு ஏறியது. மறுநாள் விடிந்ததும் கமலா என்னைச் சித்திரை வீதியில் நடக்கத் துரத்தினாள். இன்றும் துரத்துகிறாள். அவளும் டாக்டரும் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பெரியவள் கல்யாணத்தில் ஊஞ்சல் சடங்கு நடந்தபோது முன்வரிசையில் டாக்டர். “மாப்பிள்ளை, பார்த்து ஆடுங்க. மதுரை வந்துடப் போகுது!” என்றார். சத்திரமே சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டே, ஊஞ்சலை ஆட்டிவிட்டேன், நின்றபடி.