கொரியத் தொடரின் நிறைகுறைகளை நான் விளக்கிய விதம்

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் என் கையில் மைக்கைக் கொடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் சாமல்பட்டி. ஓசூரில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். லைனில் வரும் பீஸ்களைப் பார்த்து எது சரியில்லை என்று சொல்வதுதான் என் வேலை. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (ஊர் என்றால் கம்பெனி பஸ்.)

அந்த வருடம் எங்கள் கம்பெனி கொரியாக்காரர்களோடு சேர்ந்து ஒரு புது லைன் போட்டது. எங்களில் ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பெயர் கொடுத்தவர்கள் கொரியாவைப் பற்றி ஏதாவது ஒரு தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். அதைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் பார்க் சார். கொரியாவிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி. எதைப் பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். கேண்டீன் ரசத்தைக்கூடக் குறித்துக்கொண்டார் என்று பேச்சு.

நான் பெயர் கொடுத்த அன்றைக்கே அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சாமல்பட்டியிலிருந்து அம்மா ஸ்வெட்டரே வாங்கி அனுப்பிவிட்டாள். போகாமல் இருந்தால் ஸ்வெட்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை.

எதைப் பற்றிப் பேசுவது? அக்கா வீட்டுக்காரர்தான் வழி காட்டினார். "கொரியா சீரியல் ஒன்னு இருக்குது ரீட்டா. காலத்துல முன்னப் பின்ன போயி கொலைகாரனப் புடிக்கிறது. தமிழ்லயே பேசுவாங்க. அதப் பாத்துட்டு நல்லது கெட்டது நாலு சொல்லு, போதும்" என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்தார் மாமா. மொத்தம் பதினாறு பாகம். டிவியில் சொருகினேன். கோப்புகளின் பெயர் நீளமாக இருந்ததால் கடைசியில் இருந்த எண் திரைக்குள் வரவில்லை. அதனால் என்ன? முதலாவதை அழுத்தினால் மற்றதெல்லாம் தானாக ஓடும்.

கதை இதுதான். ஒரு பெண் போலீஸ். அவள் ஸ்டேஷனில் ஒரு பழைய லிப்ட். அதில் கட்டடத்திலேயே இல்லாத ஒரு மாடிக்கான பட்டனை அழுத்தினால், கதவு பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் போய்த் திறக்கும். அங்கே கொலையான அவளுடைய அண்ணன் உயிரோடு இருப்பான். அவனைக் காப்பாற்ற வேண்டும்.

முதல் பாகம் அண்ணன் சாவோடு முடிந்தது. அடுத்த பாகத்தில் அதே அண்ணன் தோளில் குழந்தையைப் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தான்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஏன்டி, இவன் செத்துட்டான்ல?"

"காலத்த மாத்திட்டாங்கக்கா."

"எப்ப மாத்துனாங்க? நா இங்கதான உக்காந்திருக்கறேன்."

"அத நாமதான் புரிஞ்சிக்கணும். கொரியாக்காரங்க எல்லாத்தையும் வாயால சொல்ல மாட்டாங்க."

கொலைகாரன் தெருமுனைப் பல் டாக்டர் என்பதும் அதே பாகத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாவதிலேயே போட்டு உடைத்துவிட்டார்களே, என்ன தைரியம் என்று வியந்து நோட்டில் எழுதினேன். எட்டாவது பாகத்தில் பல் டாக்டருக்கு விலங்கு மாட்டினார்கள். லிப்டைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு பாட்டு வந்தது. பிறகு கறுப்புத் திரையில் கொரியனில் ஏதோ இரண்டே எழுத்து வந்தது. மது உடல்நலத்துக்குக் கேடு என்பதாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

ஒன்பதாவதில் செங்கல்லைக் காணோம். அவள் லிப்டை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பயந்து பயந்து உள்ளே போனாள். (ஞாபக மறதி என்று எழுதிக்கொண்டேன்.) பிறகு பல்வலி என்று நேராக அந்தப் பல் டாக்டரிடமே போய் வாயைத் திறந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு மிட்டாய் கொடுத்தான்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அண்ணனக் கொன்னவனையே மன்னிச்சிட்டா பாரு. நம்ம பாதருகூட இப்பிடிப் புரியிற மாதிரி சொன்னதில்லடி."

நானும் அழுதேன். கடைசிப் பாகத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று விளக்கு அணைந்தது. ஒரு அலறல். அவ்வளவுதான். அக்கா வெகுநேரம் காத்திருந்தாள், இன்னும் வரும் என்று.

பேச்சு நாள் வந்தது. டிரெய்னிங் ஹாலில் ஐம்பது பேர். முன் வரிசையில் பார்க் சார். பக்கத்தில் எச்.ஆர். மேடம், நாங்கள் பேசுவதை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல. நான் நிறையிலிருந்து ஆரம்பித்தேன். கொலைகாரனை இரண்டாவது பாகத்திலேயே காட்டிவிடும் துணிச்சல். பழிவாங்கலைத் தாண்டி மன்னிப்புக்குப் போகும் உயரம். பிறகு குறைகள். கதாநாயகிக்கு மறதி வந்ததற்குக் காரணம் சொல்லவில்லை. அடைத்த லிப்டை யார் திறந்தார்கள் என்று காட்டவில்லை. முடிவு சுத்தமாகச் சரியில்லை. கைத்தட்டல் வந்தது. நான் மனத்துக்குள் ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன்.

அப்போது மஞ்சுளா எழுந்தாள். கெலமங்கலத்துப் பெண். என் லைனில் எனக்கு அடுத்த மேஜை. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். அவளும் பேசப் பெயர் கொடுத்திருந்தாள்.

"யக்கா, பல்லு காட்டப் போறப்ப இவன்தான் கொலைகாரன்னு அவளுக்குத் தெரியவே தெரியாதே? அந்தப் பல்வலி ரெண்டாவதுலதான வருது?"

நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "மஞ்சுளா, நீ மேலோட்டமா பாத்திருக்க. இன்னொரு தடவ நிதானமா பாரு."

பார்க் சார் கையைத் தூக்கினார். இரண்டாவதில் என்ன பார்த்தேன், மூன்றாவதில் என்ன பார்த்தேன் என்று மேடம் வழியாக ஒவ்வொன்றாகக் கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் குரல். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினார்: 1, 10, 11, 12, 13, 14, 15, 16. கொஞ்சம் நிறுத்தி, 2 என்று போட்டார்.

முதலில் சிரித்தவர்கள் கம்ப்யூட்டர் செக்ஷன்காரர்கள். எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினால் ஒன்றுக்கு அடுத்தது பத்துதான், இரண்டு வருவது பதினாறுக்குப் பிறகுதான் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னால் இருந்தவர்களுக்கு அவர்கள் விளக்க, சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. எனக்கு எல்லோருக்கும் கடைசியில்தான் புரிந்தது. "அய்யோ மாதாவே" என்றேன். மைக் கையில் இருந்தது. கேண்டீன் வரை கேட்டதாம்.

பார்க் சார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "பதினாறு பீஸு வரிசை மாறி வந்திருக்குது. ஒவ்வொன்னுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் ஓகே பண்ணி அனுப்பிட்டீங்கன்னு சொல்றாரு."

குவாலிட்டி இன்ஸ்பெக்டருக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

கொரியாவுக்கு மஞ்சுளா போனாள். அம்மாவின் ஸ்வெட்டரை அவளுக்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் மாமா, "நா ஒழுங்காத்தாம்மா ஏத்திக் குடுத்தேன்" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானும் அக்காவும் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை எண் பார்த்து. வரிசையில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. டாக்டர்தான் கொலைகாரன் என்று தெரியும் இடத்தில், வரிசையில் பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் நடுவில் நாலு பாகம் ஓடுகிறார்கள், நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். லிப்டின் விதியும் அவரவர் வசதிக்கு மாறுகிறது. பல்வலிக் காட்சியோ வெறும் பல்வலியாகவே வந்து போனது.

"நம்ம பாத்ததுதான்டி நல்லாயிருந்துச்சு" என்றாள் அக்கா.

அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. யாரோ தப்பாக அடுக்கியதில் நாங்கள் இரண்டு பேர் எப்படி அழுதோம்? அதற்கடுத்த வாரம் என் மேஜைப் பக்கம் வந்த பார்க் சாரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதைச் சொன்னேன். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து அடுத்த தடவை வந்தபோது நேராக என்னிடம்தான் வந்தார். மனைவியோடு என் வரிசையிலேயே பதினாறையும் பார்த்தாராம். "என் மனைவி பல் டாக்டர் காட்சியில் அழுதுவிட்டாள்" என்றார். பிறகு ரொம்ப வருத்தமாக, "ஆனால் நீங்கள் சொன்னது சரி. முடிவு சுத்தமாகச் சரியில்லை" என்றார்.

வீட்டில் இந்தக் கதை நின்றபாடில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே மாமா, "எங்க ரீட்டாவுக்கு மொதல்ல கல்யாணம், அப்புறம் பத்து வருசம் கழிச்சுத்தான் நிச்சயம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அக்கா முழுக்கச் சொன்னாள். அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில்தான் அவரை எனக்குப் பிடித்தது.

கம்பெனியில் வேறு மாதிரி ஆயிற்று. பீஸ்களை அடுக்கும் டிரேக்களுக்கு இனி ஒன்று, இரண்டு என்று எழுதக்கூடாது, பத்து வந்து இரண்டை முந்தாமல் இருக்க முன்னால் ஒரு சைபர் போட்டு 01, 02 என்றுதான் எழுத வேண்டும் என்று பார்க் சார் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அந்தச் சைபருக்கு லைனில் 'ரீட்டா ஜீரோ' என்று பெயர் விழுந்தது. எட்டு வருடமாயிற்று. பழைய ஆட்கள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டிரேயில் எண் எழுதிக்கொண்டே கேட்டாள்: "மேடம், யாரு இந்த ரீட்டா? கொரியால பெரிய இன்ஜினியருங்களா?"

நான் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. சைபர ஒழுங்கா போடு."