முன்னால் தள்ளு, பின்னால் இழு

ஞாயிற்றுக்கிழமை இழுவைப் போட்டியில் டிராக்டர் நடுவழியில் நின்றால், திங்கட்கிழமை அது பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று தபால்காரர் சபதம் போட்டுவிட்டார். போட்ட இடம் தபால் ஆபீஸ், கேட்டவர்கள் பதினோரு பேர். இனி வாயை மூடி என்ன பயன்? சபதம்தான் அவருடையது, டிராக்டர் மாமனார் ஓட்டியது. தபால்காரரின் மனைவி சின்ன வயசில் நடை பழகியதே அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதை இரும்புக் கடையில் பார்க்க அவளுக்கு மனசு வருமா?

சனிக்கிழமை காலையில் தபால்காரர் கொட்டகையில் வேலையில் இறங்கினார். இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரம் முந்தினால் இடிக்கும், பிந்தினால் சோம்பும். இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தில் அந்த நேரத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்து, புத்தகத்தில் போட்டபடியே, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தார். அதை முன்னால் தள்ளினால் பொறி முந்தும், பின்னால் இழுத்தால் பிந்தும். வேகம் கொடுத்தால், ஆணி போட்டுக் குலுக்கிய டப்பா மாதிரி இடித்தது.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கோடு சரியில்லைங்க."

"கோடு கம்பெனி போட்டது. அதுக்கு மேல உன் காதா?"

அவள் வாதாடவில்லை. இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்க. அதுதான் சரின்னு படுது."

பதினேழு வருஷமாக அவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு. வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வேண்டாமா? உடனே பின்னால் இழுத்தார். இடி பாதி அடங்கியது.

"தப்பு பண்றீங்க. முன்னால."

இன்னும் ஒரு நூல் பின்னால் இழுத்தார். இடி நின்றுபோய் இன்ஜின் சீராக உறுமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த உறுமலைக் கேட்டாள்.

"சரி, உங்க இஷ்டம். அப்ப இன்னும் நல்லா பின்னாலயே இழுத்துடுங்க."

"எனக்குத் தெரியும்," என்று அவர் போல்ட்டை அந்த இடத்திலேயே இறுக்கிவிட்டார்.

மறுநாள் அந்தக் கிழட்டு வண்டி மலைபோன்ற பாரத்தை இழுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி முதலாவதாக வந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் ஓடிவந்து ரகசியம் கேட்டார். வீட்டில் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்ததுதான் ரகசியம் என்று தபால்காரர் மார்தட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே மனைவியிடம் நாலு தடவை சொன்னார்.

நாலாவது தடவை அவள் நிதானமாகச் சொன்னாள். "அந்த ஃபிளைவீல் வேற வண்டியோடதுங்க. போன வருஷம் நாம ரெண்டு பேரும்தானே தூக்கி மாட்டினோம். அந்தக் கோடு நம்ம இன்ஜினுக்கு எப்படிப் பொருந்தும்?"

தபால்காரர் உட்கார்ந்துவிட்டார். முன்னால, முன்னால, கடைசியில் பின்னால. எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஸ்பேனரைத் தொடாமலே இன்ஜினைச் சரிசெய்திருக்கிறாள்! கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமை பொங்கியது. என்ன காது, என்ன மூளை!

"இனிமே நீ சொல்றதை அப்படியே கேக்கறேன்," என்றார் மனசார.

அவள் பதறிவிட்டாள்.

"வேண்டாங்க. நீங்க எப்பவும்போல கேக்காமலே இருங்க. அதுதான் எனக்கு வசதி."